காணாத பூவுக்கு ஒரு பெயர்

நளன் தமயந்தியைக் கண்ணால் கண்டு காதல் கொள்ளவில்லை. அன்னம் வந்து சொன்னது, அவன் நம்பினான். நம்முடைய பழங்கதைகளில் இப்படி எத்தனையோ பேர் உண்டு. சித்திரத்தைப் பார்த்து மயங்கிய ராஜகுமாரர்கள், கனவில் கண்ட முகத்தைத் தேடி தேசம் தேசமாகத் திரிந்தவர்கள். இதெல்லாம் கதை எழுதுகிறவர்களின் கைச்சரக்கு, சாஸ்திரம் படித்தவர்கள் இப்படி மனசைப் பறிகொடுக்கமாட்டார்கள் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பூதக்கண்ணாடியும் கையுமாக உட்கார்ந்து பூவின் கேசரங்களை ஒன்று, இரண்டு என்று எண்ணுகிற ஒரு தாவர சாஸ்திரி, தாம் காணாத ஒரு மலைப் பூவுக்குப் பெயரும் வைத்துவிட்டு, அதன் முகத்தைப் பார்க்க ஏறக்குறைய நாற்பது வருஷம் காத்திருந்தார் என்றால் நம்பச் சற்றுக் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் இது நடந்த சரித்திரம்.

பூ என்னவோ பெரிய பூ இல்லை. ஒரு சாண் உயரத்துக்குச் சிவப்பேறிய ஒரு காம்பு. அதன் நுனியில் ஒரே ஒரு வெள்ளைப் பூ, சிறிய மணி ஒன்றைக் கவிழ்த்து மாட்டினாற்போல். இதழ் ஐந்து. இதழ்களின் ஓரமெல்லாம் யாரோ கத்தரிக்கோலால் விளையாடிப் பார்த்ததுபோல் பல் பல்லாக வெட்டியிருக்கும். அடியில் தரையோடு ஒட்டி வட்ட வட்டமான இலைகள். எண்ணெய் தடவினாற்போன்ற பளபளப்பு. குளிர்காலத்தில் அந்த இலைகளுக்குச் செம்பின் நிறம் ஏறுமே தவிர, உதிர்வதில்லை. அமெரிக்காவில் அப்பலாச்சியன் மலைத்தொடரின் தென்பகுதியில், வட கரோலினா, தென் கரோலினா, ஜார்ஜியா என்ற மூன்று ராஜ்யங்களும் சந்திக்கிற மூலையில், ஓடைக் கரைகளில், ரோடோடெண்ட்ரான் புதர்களின் நிழலில், பாய் விரித்த மாதிரி படர்ந்து கிடக்கும். மார்ச்சு மாதம் பூக்கும். ஏப்ரலோடு அநேகமாகச் சரி. 'ஓக்கோனி மணி' என்று அந்தப் பக்கத்தார் சொல்லுகிறார்கள். ஓக்கோனி என்பது தென் கரோலினாவில் ஒரு ஜில்லாவின் பெயர். சாஸ்திரத்தில் அதற்குப் பெயர் ஷார்ட்டியா காலசிபோலியா. வாசகர்கள் இந்தப் பெயரைக் கண்டு மிரளவேண்டாம். இதில் முன்பாதி ஒரு மனிதரின் பெயர்; பின்பாதிக்கு 'காலக்ஸ் செடியின் இலையைப் போன்ற இலையுடையது' என்று பொருள். அந்த மனிதரைப் பற்றிப் பிறகு சொல்லுகிறேன்.

கதை ஆந்த்ரே மிஷோ என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து தொடங்குகிறது. 1746-ல் வெர்ஸேல்ஸ் அரண்மனைக்கு அருகில், அரசருடைய பண்ணை நிலத்தைப் பார்த்துவந்த குடியானவர் குடும்பத்தில் பிறந்தவர். கலியாணமாகி ஒரு வருஷத்துக்குள் மனைவி ஒரு பிள்ளையைப் பெற்றுக் கொடுத்துவிட்டு இறந்துபோனாள். அந்தத் துக்கத்தை மறக்கத்தான் செடி கொடிகளின் பக்கம் திரும்பினார் என்று சொல்லுவார்கள். பாரசீகத்தில் சுற்றினார். திரும்பி வந்ததும், பதினாறாம் லூயி மன்னர் அவரை 1785-ல் அமெரிக்காவுக்கு அனுப்பினார். கப்பல் கட்டிக் கட்டிப் பிரான்சின் காடுகள் மொட்டையாகியிருந்தன. பிரெஞ்சு மண்ணில் வளரக்கூடிய நல்ல மரங்களை அங்கிருந்து அனுப்பவேண்டும் என்பது உத்தரவு. மிஷோ சார்ல்ஸ்டன் துறைமுகத்துக்கு அருகே ஒரு தோட்டம் போட்டார். அங்கிருந்து குதிரை மீதும் கால்நடையாகவும் மலைகளுக்குள் போய் வந்தார். பதினோரு வருஷத்தில் அவர் பிரான்சுக்கு அனுப்பிய மரக்கன்றுகள் மட்டும் அறுபதாயிரத்துக்கு மேல்.

1788 டிசம்பரில், நல்ல குளிரில், கியோவி நதியின் தலைப்பகுதியில் அவர் முகாம் போட்டிருந்தார். செரோக்கி இந்தியர்களின் நாடு அது. வழிகாட்டியும் ஓர் இந்தியன்தான். அங்கே தரையில் படர்ந்து கிடந்த, ரம்பப் பல் போன்ற விளிம்புள்ள இலையோடு கூடிய ஒரு குட்டைச் செடியைப் பார்த்ததாகவும், அதை நிறையச் சேகரித்ததாகவும் தம்முடைய நாட்குறிப்பில் எழுதினார். அந்த இடத்துக்குப் போகும் வழியையும் எழுதி வைத்தார். அந்த இலையின் ருசியைப் பற்றியும் மணத்தைப் பற்றியும் அங்கிருந்த இந்தியர்கள் தமக்குச் சொன்னதையும் விடவில்லை. நம்முடைய செடி அவருக்கு அகப்பட்டது அப்போதுதான் என்று வெகுகாலம் எல்லோரும் சொல்லிவந்தார்கள். இல்லை, அதற்கு முந்திய 1787 ஜூனில் அவர் அதே மலைக்குப் போயிருக்கிறாரே, காயோடு கூடிய செடி அப்போதுதானே கிடைக்கும் என்று வாதாடுகிற ஆராய்ச்சியாளர்களும் உண்டு. எப்படியானாலும் அவர் கைக்கு வந்தது பூ இல்லாத செடி. சில இலைகள், ஒரே ஒரு காய். அவ்வளவுதான். அதை உலர்த்திக் காகிதத்தில் வைத்து ஒரு சீட்டு எழுதினார். 'கரோலினாவின் உயர்ந்த மலைகள்' என்று பிரெஞ்சில் ஒரு வரி. இது பைரோலா என்ற செடியின் வகையோ, அல்லது முற்றிலும் புதிய பேரினமோ என்று லத்தீனில் இரண்டு கேள்வி. 

அந்தச் சீட்டை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளவேண்டும். 'உயர்ந்த மலைகள்' என்ற அந்த இரண்டு சொற்கள் பின்னால் படுத்திய பாடு கொஞ்சம் அல்ல.

மிஷோவின் பிற்கால வாழ்க்கை ஒரு நாவலுக்குக் காணும். பிரான்சில் புரட்சி வந்தது, அவரை அனுப்பிய மன்னரின் தலை போயிற்று, சம்பளம் நின்றது. 1796-ல் ஊருக்குக் கிளம்பிய கப்பல் ஹாலந்துக் கரையில் புயலில் சிக்கி உடைந்தது. தம்மை ஒரு பலகையோடு பிணைத்துக்கொண்டு நினைவிழந்த நிலையில் கரை சேர்ந்தார். துணிமணி போயிற்று. செடிப் பெட்டிகள் மட்டும் உப்புத் தண்ணீரில் ஊறிக் கிடைத்தன. அந்த மனிதர் உடனே வீட்டுக்குப் போகவில்லை. கடற்கரைக் கிராமத்தில் வாரக்கணக்கில் தங்கி, ஒவ்வொரு செடியாக நல்ல தண்ணீரில் அலசி, புதுக் காகிதத்தில் வைத்து உலர்த்தினார். பாரிஸுக்கு வந்து பார்த்தால், அனுப்பிய மரங்களில் பெரும்பாலானவை புரட்சிக் குழப்பத்தில் கவனிப்பார் இல்லாமல் அழிந்திருந்தன. பிறகும் அவர் கால் தரையில் பாவவில்லை. 1800-ல் ஆஸ்திரேலியாவுக்குப் போகும் கப்பலில் ஏறி, மொரீஷியஸில் இறங்கி, மடகாஸ்கருக்குப் போய், 1802-ல் அங்கேயே காய்ச்சலில் இறந்துபோனார். அவருடைய அமெரிக்கத் தாவரநூல் அடுத்த வருஷம் மகனுடைய முயற்சியில் அச்சாயிற்று. அதில் இந்தச் செடி இல்லை. பூ இல்லாத செடியை எந்தக் குலத்தில் சேர்ப்பது? இன்னதென்று தெரியாதவற்றை ஒதுக்கி வைத்த கட்டில் அது தூங்கிற்று.

இங்கே ஒரு விஷயம் சொல்லவேண்டும். செடிகளை அழுத்தி உலர்த்தி, காகிதத்தில் பதித்து, சீட்டு எழுதி அலமாரிகளில் அடுக்கிவைக்கும் இடத்துக்கு ஹெர்பேரியம் என்று பெயர். பார்க்கப்போனால் பழைய புடவைக் கட்டுகளை அடுக்கிய ஜவுளிக்கடைப் பரண் மாதிரிதான் இருக்கும். ஆனால் தாவர சாஸ்திரத்துக்கு அதுதான் பத்திர ஆபீஸ். ஒரு செடியைக் கோடிப் பேர் கண்ணால் பார்த்திருக்கலாம், மென்று தின்றிருக்கலாம், அதற்குப் பாட்டிகள் ஒரு பெயரும் வைத்திருக்கலாம். அதெல்லாம் கணக்கில் சேராது. யாராவது ஒருவர் அதன் இலை, பூ, காய் எல்லாவற்றையும் விவரித்து எழுதி, இன்ன காகிதத்தில் இருக்கிற இன்ன செடிதான் இதற்குச் சாட்சி என்று காட்டி, அச்சில் வெளியிடவேண்டும். அன்றைக்குத்தான் அது 'புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட' செடி. செரோக்கியர்கள் அந்த இலையை அறிந்து எத்தனை தலைமுறையோ! பத்திரம் எழுதாத நிலம் மாதிரி அவர்களுடைய அறிவு நின்றுவிட்டது. இது நியாயமா என்று கேட்டால், எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனால் இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் ஒரே செடிக்கு ஊருக்கு ஒரு பெயரும், ஒரே பெயரில் பத்துச் செடியுமாகக் குழம்பிப்போகும் என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

மிஷோவின் செடி ஐம்பது வருஷம் தூங்கிய பிறகு, 1839 ஏப்ரலில், ஏஸா கிரே என்ற இருபத்தெட்டு வயது அமெரிக்க வாலிபர் பாரிஸில் அந்தக் கட்டை அவிழ்த்தார். நியூயார்க் ராஜ்யத்துக் கிராமத்தில் பிறந்து, வைத்தியம் படித்துப் பட்டம் பெற்று, வைத்தியத்தை விட்டுவிட்டுச் செடிகளோடு போனவர். புதிதாகத் தொடங்கிய மிச்சிகன் சர்வகலாசாலைக்குப் புத்தகம் வாங்க ஐரோப்பாவுக்கு வந்திருந்தார். அதோடு கூட, தம் குரு டோரியும் தாமும் சேர்ந்து எழுதிவந்த வட அமெரிக்கத் தாவர நூலுக்காக, ஐரோப்பியர்கள் முன்காலத்தில் அள்ளிக்கொண்டு போன அமெரிக்கச் செடிகளை நேரில் பார்க்கவேண்டும் என்பதும் நோக்கம். தம்முடைய ஊர்ச் செடியைப் பார்க்க ஒருவர் மூவாயிரம் மைல் கடல் தாண்டிப் போகவேண்டியிருந்தது, பாருங்கள்!

சில இலைகளையும் ஒரு காயையும் வைத்துக்கொண்டு கிரே என்ன கண்டார் என்று நமக்கு ஆச்சரியமாக இருக்கும். பயிற்சி பெற்ற கண் அப்படிப்பட்டது. காயின் உள்ளமைப்பையும் இலையையும் பார்த்த உடனே இது பைரோலா அல்ல, இதுவரை யாரும் எழுதாத புதுப் பேரினம் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. அன்றைக்கே டோரிக்குக் கடிதம் எழுதினார். செடி தமக்குத்தான் என்று முன்கூட்டியே உரிமை கொண்டாடி, அதற்குக் கென்டக்கியைச் சேர்ந்த டாக்டர் ஷார்ட்டின் பெயரை வைக்கப்போவதாகவும் தெரிவித்துவிட்டார். 1842-ல் அச்சில் விவரணம் வெளிவந்தது: 'ஷார்ட்டியா'. உயிரோடு இருந்த எந்தத் தாவர சாஸ்திரியும் பார்க்காத செடி. எவருமே எழுதியிராத பூ. பூவைப் பற்றிய இடத்தில் அவர் ஒன்றும் எழுதமுடியவில்லை.

சார்லஸ் வில்கின்ஸ் ஷார்ட் என்பவர் லூயிவில் நகரத்து வைத்தியர், நல்ல செடிப் பித்தர். கென்டக்கிச் செடிகளை ஆயிரக்கணக்கில் அழகாக உலர்த்தி எல்லாச் சாஸ்திரிகளுக்கும் இலவசமாக அனுப்பிக்கொண்டிருந்தவர். இந்த மரியாதை அவருக்குத் தகும். ஆனால் தம் பெயரைத் தாங்கிய அந்தச் செடியை அவர் ஒருநாளும் பார்க்கவில்லை. 1863-ல் காலமானார். ஒருவருக்குப் பேரப்பிள்ளை பிறந்திருக்கிறான், அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள், ஆனால் குழந்தை எங்கே இருக்கிறது என்று மட்டும் யாருக்கும் தெரியாது என்றால் எப்படி இருக்கும்? 

கிரே பாரிஸிலிருந்து திரும்பியதும் முதல் காரியமாகத் தேடத் தொடங்கினார். 1841-ல் இரண்டு சிநேகிதர்களோடு வட கரோலினா மலைகளுக்குக் கிளம்பினார். இப்போது அந்தச் சீட்டு தன் வேலையைக் காட்டிற்று. 'உயர்ந்த மலைகள்' என்றால் எங்கே தேடுவார்கள்? உயரத்தில்தான். கிராண்ட்பாதர் மலை, ஏறக்குறைய ஆறாயிரம் அடி. ரோன் மலை, அதற்கும் மேல். இந்தப் பாட்டனார் மலையின் உச்சியில்தான் 1794-ல் மிஷோ ஏறி நின்று, வட அமெரிக்காவிலேயே உயர்ந்த சிகரத்தைத் தொட்டுவிட்டோம் என்ற நினைப்பில் புரட்சி கீதம் பாடி, சுதந்திரத்துக்கு ஜே போட்டிருந்தார். அதுவும் அப்படி உயர்ந்த சிகரம் அல்ல. கூப்பிடு தூரம் என்று சொல்லக்கூடிய அளவில் அதைவிடப் பெரிய மலைகள் இருக்கின்றன. கிரே அந்த உச்சிகளில் அபூர்வமான செடிகள் பலவற்றைக் கண்டார். ஷார்ட்டியா மட்டும் இல்லை. 1843-ல் மறுபடியும் போனார். இல்லை. ஹார்வர்டில் பேராசிரியராக இருந்து, பிற்பாடு அமெரிக்கத் தாவர சாஸ்திரத்துக்கே பெரியவராகிவிட்டார். கரோலினாப் பக்கம் யார் போனாலும் ஷார்ட்டியாவைப் பாருங்கள் என்று சொல்லியனுப்பினார். போனவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள்.

மிஷோ பொய் எழுதிவிட்டாரா? இல்லை. சார்ல்ஸ்டன் கடற்கரையின் தட்டை நிலத்திலிருந்து பல நாள் குதிரையில் வருகிறவனுக்குத் திடீரென்று சுவர் மாதிரி எழும்புகிற அந்த மலைச்சரிவு உயர்ந்த மலைதான். செடி இருந்தது என்னவோ அந்தச் சுவரின் அடிவாரத்து இடுக்குகளில், ஆயிரம் இரண்டாயிரம் அடி உயரத்தில், ஓடையின் ஈரத்தில். இன்னொரு சங்கடம்: அது பூக்கிற காலம் மார்ச்சு. கல்லூரிச் சாஸ்திரிகள் மலைக்கு வருகிற காலமோ கோடை. பூ உதிர்ந்த பிறகு அந்த இலைகள், அங்கே எங்கே பார்த்தாலும் கிடக்கிற காலக்ஸ் செடியின் இலைகளுக்கு நடுவே கலந்து நின்றால், குதிரை மேலிருந்து பார்க்கிறவனுக்கு என்ன தெரியும்?

இந்தச் சரித்திரத்தில் என் மனசை மிகவும் தொட்ட பகுதி இனிமேல் சொல்லப்போவது. மிஷோவின் மகன் தகப்பனாரின் நாட்குறிப்பை 1824-ல் பிலடெல்பியாவிலுள்ள அமெரிக்கத் தத்துவ சங்கத்துக்குக் கொடுத்திருந்தார். கியோவி நதியின் தலைப்பும், போகிற வழியும், ரம்பப் பல் இலையும் அதில் இருந்தன. ஆனால் செடியின் பெயர் இல்லை. பெயரே வைக்காத செடிக்கு அந்த மனிதர் என்ன பெயரை எழுதுவார்? பாரிஸில் செடி இருந்தது, சீட்டில் இடம் இல்லை. பிலடெல்பியாவில் இடம் இருந்தது, குறிப்பில் பெயர் இல்லை. ஒரே கையால் எழுதிய இரண்டு காகிதங்கள், நடுவில் அட்லாண்டிக் சமுத்திரம். கிழித்த ஓலையின் இரண்டு பாதிகள் போல அவை ஒன்றையொன்று அறியாமல் கிடந்தன. நாவல்களில் இப்படி எழுதினால், ஆசிரியர் வேண்டுமென்றே கதையை வளர்த்துகிறார் என்று வாசகர்கள் கோபித்துக்கொள்வார்கள்.

தேடிய பூ கிடைக்காவிட்டாலும், இடையில் அதன் உறவு ஒன்று கிடைத்தது. அதுவும் எங்கே? ஜப்பானில். ஜப்பானின் கதவுகளை அமெரிக்கக் கப்பல்கள் தட்டித் திறந்த காலம் அது. அங்கிருந்து வந்த செடிகளைக் கிரே ஆராய்ந்தபோது விசித்திரமான ஒன்றைக் கண்டார். கிழக்கு அமெரிக்காவின் செடிகளுக்குப் பக்கத்திலுள்ள மேற்கு அமெரிக்காவில் உறவு இல்லை, ஐரோப்பாவிலும் இல்லை, பூமியின் மறுபக்கத்தில் ஜப்பானில் இருக்கிறது. ஷார்ட்டியாவின் கூடப்பிறந்தது போன்ற ஒரு செடியும் அங்கே மலைகளில் பூக்கிறது. ஜப்பானியர் அதற்குப் 'பாறை விசிறி' என்ற கருத்தில் இவா-உச்சிவா என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு காலத்தில் வடதுருவத்தைச் சுற்றி ஒரே காடாக இருந்து, பனியுகம் வந்து தெற்கே விரட்டியதால் குடும்பம் இரண்டாகப் பிரிந்தது என்று கிரே 1859-ல் விளக்கினார். டார்வின் தம்முடைய கொள்கையை அச்சிடுமுன் நம்பிச் சொல்லியிருந்த மிகச் சிலரில் கிரேயும் ஒருவர். உறவினரின் வீடு தெரிந்தது. தேடியவளின் வீடுதான் தெரியவில்லை.

1877 மே மாதம். வட கரோலினாவில் மேரியன் என்ற சிற்றூருக்கு அருகே, கட்டாபா நதியை ஒட்டிய பாதையில் தகப்பனும் பிள்ளையுமாக இருவர் போய்க்கொண்டிருந்தார்கள். தகப்பனார் மார்டிகாய் ஹயம்ஸ், ஸ்டேட்ஸ்வில் ஊரில் மருந்துச் சரக்கு வியாபாரம் செய்த பெரிய கம்பெனியில் மூலிகைகளைக் கவனிக்கிற உத்தியோகம். பிள்ளை ஜார்ஜுக்குப் பதினாறு, பதினேழு வயது. ஒரு மேட்டுச் சரிவைக் கண்டதும் கிழவருக்கு அதில் என்ன இருக்கிறது என்று பார்க்க ஆசை. ஆனால் களைப்பு, அறுபதை நெருங்கிய உடம்பு. "நீ ஏறிப் போய், பூத்திருக்கிறது எது இருந்தாலும் பறித்துக்கொண்டு வா" என்ற மாதிரி பையனிடம் சொன்னார். பையன் ஏறினான், பறித்தான், கொண்டுவந்தான். அது என்ன செடி என்று தகப்பனுக்குத் தெரியவில்லை. மற்றச் செடிகளோடு அதையும் உலர்த்தி வைத்தார்.

மறு வருஷம் அதில் ஒரு துண்டு, பெயர் தெரிந்தால் எழுதவும் என்ற வேண்டுகோளோடு, ரோட் ஐலண்டில் இருந்த காங்டன் என்பவருக்குப் போயிற்று. அவர் வக்கீல், செடி அவருக்குப் பொழுதுபோக்கு. இது ஒருவேளை அந்த ஷார்ட்டியாவாக இருக்குமோ என்று அவருக்குத் தோன்றவே, கிரேக்கு எழுதினார். 1878 அக்டோபரில் செடி கிரேயின் மேஜை மேல் இருந்தது. பூவோடு! கிரேக்கு அப்போது அறுபத்தெட்டு வயது நிரம்ப ஒரு மாதம். நண்பர் கான்பிக்கு அவர் எழுதிய கடிதத்தில், பரீட்சையில் தேறிய பையனைப் போல் துள்ளியிருக்கிறார். துள்ளவேண்டியதுதானே! காயை மட்டும் பார்த்து, ஐந்து இதழ் சேர்ந்த பூவாக இருக்கும், இன்ன குலத்துக்குப் பக்கத்தில் நிற்கும் என்று அவர் மனசில் போட்டு வைத்திருந்த கணக்கு சரியாக வந்துவிட்டது. அடுத்த வருஷம் மனைவியையும் நண்பர்களையும் அழைத்துக்கொண்டு மேரியனுக்கே போனார். ஹயம்ஸ் இடத்தைக் காட்டினார். அறை ஒன்றின் அகலம்கூட வராத துண்டு நிலம். நூறு செடி இருந்தால் அதிகம். இத்தனை வருஷம் தேடிய பொருள் அவ்வளவுதான்.

அதற்குப் பின்பும் ஒரு குறை இருந்தது. மேரியன் இருப்பது கிழக்கே, கட்டாபா நதிப் பக்கம். மிஷோ எழுதிய கியோவி நதி அங்கிருந்து தென்மேற்கே வெகுதூரம். அப்படியானால் மிஷோ பறித்த இடம் எது? 1886-ல் சார்ஜெண்ட் என்பவர் அந்த மலைகளுக்குப் போனார். ஹார்வர்டின் மரத்தோட்டமாகிய ஆர்னால்டு ஆர்போரீட்டத்தின் தலைவர். அவர் போனது மிஷோ கண்ட வேறொரு மரத்தைத் தேடி. மிஷோ நடந்த பாதையிலேயே நடந்துவந்து, கியோவியின் தலைப்பு ஓடைகளில் ஓரிடத்தில் தரையிலிருந்து ஓர் இலையைப் பறித்தார். கூட இருந்த உள்ளூர் அன்பர் பாயிண்டனுக்கும் சட்டென்று புரியவில்லை. பிற்பாடு பார்த்தால் ஷார்ட்டியா! மிஷோ போய் ஏறக்குறைய நூறு வருஷம் கழித்து, அதே இடத்தில். பிற்பாடு ஒரு வசந்தத்தில் பாயிண்டன் போய்ப் பார்த்தபோது, நூறு செடி இல்லை, ஏக்கர் கணக்கில் வெள்ளையாகப் பூத்துக் கிடந்ததாம். நர்சரி வியாபாரிகளுக்கு இது தெரிந்ததும் வண்டி வண்டியாகப் பெயர்த்துக்கொண்டு போனார்கள் என்பதையும் சொல்லவேண்டும்.

கிரேயின் எழுபத்தைந்தாவது பிறந்தநாளுக்கு, 1885 நவம்பரில், அமெரிக்கத் தாவர சாஸ்திரிகள் எல்லோரும் பணம் போட்டு ஒரு வெள்ளிக் கலசம் பரிசளித்தார்கள். அவர் வாழ்க்கையோடு சம்பந்தப்பட்ட பூக்களை அதில் செதுக்கியிருந்தார்கள். அதில் ஷார்ட்டியாவும் உண்டு. கியோவிச் செய்தி வந்தபோது கிரே உயிரோடு இருந்தார் என்பதில் எனக்கு ஒரு திருப்தி. 1888 ஜனவரியில் காலமானார்.

பிறகு வந்த காலத்தை விரிவாகச் சொல்லுவதில் சந்தோஷம் இல்லை. 1970-களின் முற்பகுதியில் மின்சாரத்துக்காக அந்தப் பள்ளத்தாக்கில் ஜோகாஸி அணை எழுந்தது. மிஷோ முகாம் போட்ட ஓடைக் கரைகளும், அவற்றில் படர்ந்திருந்த ஷார்ட்டியாவில் பெரும்பகுதியும் ஏரித் தண்ணீருக்கு அடியில் போய்விட்டன. பழைய கியோவிக் கிராமம் இருந்த இடத்தின் மேல் அதற்கு முன்னதாகவே வேறோர் ஏரி வந்துவிட்டது. ஏரிக்கு மேலே மிஞ்சிய ஓடைகளில் பூ இன்னமும் இருக்கிறது. கரையோரப் பூங்கா ஒன்றில் அந்தப் பூவின் பெயராலேயே ஒரு நடைபாதை போட்டிருக்கிறார்கள். மார்ச்சு மாதம் ஜனங்கள் வந்து குனிந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

சரித்திரம் இங்கே முடிந்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். மேரியன் பக்கத்துச் செடிகளை மட்டும் சிலர் விடாமல் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பூவின் நடுவில் சூலுக்கு மேல் நிற்கிற தண்டு, கியோவிச் செடியில் நீளம். மேரியன் செடியில் குட்டை. 1952-ல் டேவிஸ் என்ற சாஸ்திரி, 'குட்டைத் தண்டு' என்று பொருள்படும் ப்ரெவிஸ்டைலா என்ற பெயரில் மேரியன் செடியைத் தனி வகையாகப் பிரித்தார். ஒரே இனத்துக்குள் ஓர் உட்பிரிவு, அவ்வளவுதான். 2019-ல் அமெரிக்கர்களும் ஜப்பானியர்களும் சேர்ந்த ஓர் ஆராய்ச்சிக் குழு, இது உட்பிரிவு அல்ல, கட்டாபா நதியின் தலைப்பு ஓடைகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத தனி இனம் என்று எழுதி வெளியிட்டது. ஷார்ட்டியா ப்ரெவிஸ்டைலா.

அந்தக் கணக்குப்படி, 1878-ல் கிரேயின் மேஜைக்கு வந்த பூ அவர் பாரிஸில் பார்த்த செடியின் பூ அல்ல. அதன் தங்கையின் பூ. கிரே தேடிய சொந்தச் செடி 1886-ல் சார்ஜெண்டின் கையில் வந்தது. களைத்துப்போன தகப்பனுக்காக மேடேறிய பையன் பறித்துக்கொண்டு வந்ததோ, உலகத்துக்கே புதிய ஓர் இனம். 142 வருஷம் அது யாருக்கும் தெரியாது. ஜார்ஜ் ஹயம்ஸ் 1932 வரை வாழ்ந்திருந்தான். புது இனத்தின் பெயரிலும் முன்பாதி டாக்டர் ஷார்ட்டுக்கே போயிற்று. பின்பாதியையாவது பையனுக்குக் கொடுத்திருக்கலாமே என்று எனக்குத் தோன்றியது. ஆனால் 1952-ல் வைத்த பெயரை அப்படியே எடுத்து ஆண்டிருக்கிறார்கள். இங்கிலீஷில் ஷார்ட் என்றால் குட்டை. லத்தீனில் ப்ரெவிஸ் என்றாலும் குட்டைதான். பாரிஸ் ஹெர்பேரியத்தில் மிஷோவின் காகிதம் அந்தச் சீட்டோடு இன்றைக்கும் இருக்கிறது. 'உயர்ந்த மலைகள்' என்ற எழுத்தை யாரும் திருத்தவில்லை.